விற்றவர் கையில் சாவி

காயல்பட்டினத்தில் நெல்லை செல்லும் புகைவண்டியில் ஏறினால், ஆறுமுகநேரி, குரும்பூர், கச்சனாவிளை கடந்து நான்காவது நிலையமாக வருவது நாசரேத். ஆர்தர் மர்காஷிஸ் என்னும் கிறித்தவப் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வாழ்ந்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கப் பள்ளி ஒன்று நிறுவினார். அவர் பெயரால் ஒரு மேல்நிலைப் பள்ளி இன்றும் நடந்து வருகிறது. பொருளைப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்கும் வழக்கம் அவ்வூருக்குப் புதியதன்று என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

அவ்வூர்க் கடைத்தெருவில் ஒற்றைக் கதவுடைய கைப்பேசிப் பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. அதை நடத்தும் தம்பி பள்ளிப் பருவத்தில் விடுமுறை நாள்களில் நம்மிடம் தமிழ் இலக்கணம் பயின்றவர். அவர் கடையை ஒரே காரியத்துக்காக நாம் இருமுறை நாடினோம். முதல்முறை மகிழ்ந்து திரும்பினோம். இரண்டாம் முறை நிகழ்ந்தது இன்றுவரை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே எழுந்த ஒரு வினாவைத்தான் வாசகர்கள் முன் வைக்கிறோம். ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிய பின், அதற்குள் விற்றவர் வைத்த பூட்டை உடைக்க நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், அவ்வுரிமை எதுவரை செல்லும்?

2018இல் நாம் 7,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து ஒரு கைப்பேசி வாங்கினோம். ஆசிரியர் வருவாய்க்கு அதுவே பெரிது. இரண்டாண்டு நன்றாக உழைத்தது. 2020க்குப் பின் அதற்குரிய புதுப்பிப்புகள் வருவது நின்றுவிட்டது. நாம் கேளாமலே உள்ளே குடியேறியிருந்த செயலிகள் இடத்தை அடைத்துக்கொண்டன; நீக்க முயன்றால் நீங்க மறுத்தன. தொழுகை நேரம் பார்க்கத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் முகத்தில் விழுந்தது. பொருள் பழுதாகவில்லை, திரையும் மின்கலமும் நலமாகவே இருந்தன. ஆயினும் அதைத் தூக்கியெறிந்து புதியது வாங்குக என்பதே எல்லோரும் சொன்ன அறிவுரை.

நாசரேத் தம்பியோ, "ஐயா, போன் நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிற சாஃப்ட்வேருக்குத்தான் வயசாயிட்டுது. வேற ஒண்ணு போட்டுத் தரேன்" என்றார். அவர் செய்ததை நாம் விளங்கிக்கொண்ட அளவில் கூறுகிறோம். கைப்பேசிக்கு மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழிப்பது பூட்லோடர் என்னும் சிறு நிரல். அது ஒரு வாயிற்காவலன். தன்னை அடுத்து எழுந்திருக்கும் இயங்குதளம் தயாரித்தவரின் முத்திரை தாங்கியதா என்று சோதிக்கும்; முத்திரை இல்லையேல் உள்ளே விடாது. கைப்பேசியைக் கணினியோடு கம்பியால் இணைத்து, அக்காவலனை விலகி நிற்கச் செய்து, வேறோர் இயங்குதளத்தை ஏற்றுவதையே இளைஞர்கள் 'கஸ்டம் ராம் போடுதல்' என்கின்றனர். அவர் ஏற்றியது லினேஜ் ஓ.எஸ். என்பது. எந்த நிறுவனமும் விற்பதன்று. உலகின் பல மூலைகளில் இருக்கும் ஆர்வலர்கள் தத்தம் ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு வகைக் கைப்பேசிக்கும் ஏற்பத் தைத்துத் தருவது. ஒரு மணி நேரத்தில் பழைய கைப்பேசி புதிய உயிர் பெற்றது. விளம்பரம் இல்லை, வேண்டாத செயலி இல்லை, நின்றுபோயிருந்த பாதுகாப்புத் திருத்தங்களும் மீண்டும் வரலாயின.

அப்பொழுதுதான் அவர், "ஐயா, இதுலே தப்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். கேட்ட விதம் நமக்குப் பிடித்திருந்தது. பணம் வாங்கும் முன் கேட்டார்.

முதலில் நம் கடற்கரையை எண்ணிப் பார்த்தோம். தூத்துக்குடி முத்துக்குளிப்புகளில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். இவ்வாறு நடந்த கடைசிக் குளிப்புகளில் ஒன்று 1961இல் நிகழ்ந்தது. ஏலம் எடுத்தவன் சிப்பியைத் திறக்கலாம், அழுகவிட்டு முத்தை அரித்தெடுக்கலாம், திறவாமலே மறுவிலைக்கு விற்கலாம். உள்ளே முத்து இருந்தால் அவனுடையது; ஒன்றுமில்லையேல் நட்டமும் அவனுடையது. 'விற்றுவிட்டேன், ஆனால் திறக்காதே' என்று எந்த ஏலக்காரரும் சொன்னதாக நம் முன்னோர் கதைகளில் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் கடற்கரையே சிரித்திருக்கும்.

மார்க்கச் சட்ட நூல்களிலும் இதற்கொத்த ஆராய்ச்சி உண்டு. பரீரா (ரலி) என்னும் அடிமைப் பெண்மணியின் வழக்கை மதரஸாவில் ஓதியவர் அனைவரும் அறிவர். அவர் தம் விடுதலைக்காக ஆண்டுக்கு ஒரு ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா வெள்ளி தருவதாக எசமானரோடு ஒப்பந்தம் செய்திருந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அத்தொகை முழுவதையும் ஒரே தவணையில் தந்து அவரை வாங்கி விடுதலை செய்ய முன்வந்தார்கள். எசமானரோ, பெண்ணை விற்கிறோம், ஆனால் விடுதலைக்குப் பின் அவரோடுள்ள 'வலாஉ' என்னும் வாரிசுத் தொடர்பு எங்களுக்கே இருக்க வேண்டும் என்றனர். விலையையும் பெற்றுக்கொண்டு கயிற்றின் நுனியையும் விடாதிருக்க விரும்பினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நிபந்தனையைச் செல்லாததாக்கினார்கள். விடுதலை செய்தவருக்கே அவ்வுறவு என்று தீர்ப்பளித்தார்கள். இந்நிகழ்ச்சியைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். நம் சட்டைப்பையில் இருக்கும் பொருளோடு இணைத்துப் பார்த்தது நாசரேத்துக் கடை வாசலில்தான்.

விற்பனையின் இயல்பையே முறிக்கும் நிபந்தனையை, அதாவது 'உனக்கு விற்றேன், ஆனால் நீ பயன்படுத்தாதே, பிறருக்கு விற்காதே' என்பது போன்றதை, ஷாஃபிஈ நூல்கள் ஏற்பதில்லை. ஆனால் இங்கே நிதானம் வேண்டும். 'பூட்டைத் திறந்தால் இலவசப் பழுதுபார்ப்புப் பொறுப்பை ஏற்க மாட்டோம்' என்று நிறுவனம் சொன்னால் அது தகும். இலவசப் பொறுப்பு என்பது விற்பனைக்கு மேல் அவர் தரும் சலுகை. 'திறக்கவே விடமாட்டோம்' என்பது வேறு. முன்னதைச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. பின்னதைச் சொல்வனவும் உண்டு. பூட்டைத் திறக்கும் குறியீட்டைக் கேட்டவர்க்கு வழங்கிவந்த ஹுவாவே நிறுவனம் 2018இல் அவ்வழக்கத்தை நிறுத்திக்கொண்டது.

வாங்கியது விற்பனையாலா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். 2017இல் ஜியோ நிறுவனம் தன் ஜியோபோனை அறிவித்தபோது, 1,500 ரூபாய் முன்வைப்புத் தொகை பெற்றுக்கொண்டு, மூன்றாண்டு கழித்துக் கைப்பேசியைத் திருப்பித் தந்தால் அத்தொகையும் திரும்பும் என்றது. அதில் அந்நிறுவனத்தின் சிம் மட்டுமே இயங்கும். கை ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தின்மீது அமைந்த அக்கருவியையும் திறந்து பார்த்த இளைஞர் பலர். பணத்தைத் திரும்பப் பெறும் எண்ணத்தோடு ஒருவர் அதை வைத்திருந்தால், அது அவர் கையில் ஏறத்தாழ அமானிதம். அமானிதத்தைப் பிரித்துப் போட்டு, பின் ஒன்றும் அறியாதவர்போல் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவது ஆகாது. பணம் வேண்டாம், பொருளே போதும் என்று வைத்துக்கொண்டால் கதை வேறு. தவணைக்கு எடுத்த கைப்பேசியும் இவ்வகையே. தவணை தவறினால் தொலைவிலிருந்தே பூட்டிவிடும் நிரலோடு சில கைப்பேசிகள் வருகின்றன. அந்தப் பூட்டு கடனுக்கு ஈடு போன்றது. ஈட்டுப் பூட்டை உடைப்பவர் கடனையே மறைக்கப் பார்க்கிறார். இதில் ஐயத்துக்கு இடமில்லை. நீட்டிப் பேசவும் வேண்டியதில்லை.

நாம் முழு விலை கொடுத்தவர். ஆகவே தம்பியிடம், "தப்பில்லை, போடுங்கள்" என்றோம்.

எனினும் நிறுவனத்தார் ஒரு வாதம் சொல்வர். கருவியை விற்றோம், அதனுள் இருக்கும் மென்பொருளை விற்கவில்லை, பயன்படுத்த மட்டுமே அனுமதித்தோம் என்பர். இருக்கட்டும். வீட்டை விற்றவர் தம் பாயைச் சுருட்டி எடுத்துக்கொள்ளலாம்; வாங்கியவர் தம் பாயை விரித்துக்கொள்வதைத் தடுக்க முடியுமா? அவர்கள் மென்பொருளை நாம் படியெடுத்து விற்கவில்லை; அகற்றினோம், அவ்வளவே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், பதிப்புரிமையை மீறும் கருத்தோடு பூட்டை உடைப்பவரையே குற்றவாளி என்கிறது. நிய்யத்தைப் பார்க்கும் சட்டம் நமக்கு அந்நியமானதன்று. அமெரிக்காவிலும் 2010இல், கைப்பேசியின் உரிமையாளர் தம் பயனுக்காக அதன் பூட்டைத் திறப்பதற்குச் சட்ட விலக்கு அளிக்கப்பட்டது.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. படக்கருவி, அலைவரிசைக் கருவி முதலியவற்றை இயக்கும் சில கோப்புகள் நிறுவனத்தாருடையவை. ஆர்வலர்கள் செய்யும் இயங்குதளத்தில் அவையும் அப்படியே எடுத்துச் சேர்க்கப்படுகின்றன என்று தம்பி மறையாமல் சொன்னார். அதே வகைக் கைப்பேசிக்கு, அதே வேலைக்கு, அதற்கென விலை கொடுத்தவரிடமே அவை திரும்புகின்றன என்பதால் நம் மனம் அதை ஏற்கிறது. முழு மனத்தோடு ஏற்கிறது என்று சொல்ல மாட்டோம்.

இந்த ஆர்வலர்களின் வரலாறும் அறியத்தக்கது. ஸ்டீவ் கோண்டிக் என்பவர் 2009இல் சயனோஜன்மாட் என்னும் பெயரில் இம்முயற்சியைத் தொடங்கினார். அவ்வாண்டே கூகுள் நிறுவனம், எங்கள் செயலிகளை உங்கள் இயங்குதளத்தோடு சேர்த்து வழங்காதீர் என்று எழுதியது. அவர்கள் அதை மதித்து அச்செயலிகளை நீக்கிவிட்டே வழங்கினர். பூட்டைத் திறப்பவர் பிறர் பொருளையும் அள்ளிக்கொள்வர் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பின்னர் அதைச் சூழ்ந்து ஒரு வணிக நிறுவனம் எழுந்தது. இந்தியாவில் மைக்ரோமேக்ஸ் நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்து, 2014 டிசம்பரில் 8,999 ரூபாய் விலையில் யூ யுரேகா என்னும் கைப்பேசி அவ்வியங்குதளத்தோடு அறிவிக்கப்பட்டது. தனியுரிமையை முன்னிட்டு அம்மாதமே ஒன்பிளஸ் நிறுவனத்தின் மீது டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது. ஊரார் கூடி வெட்டிய கிணற்றுக்கு வாளிக் குத்தகை விட்டது போன்ற நிலை. 2016 இறுதியில் அவ்வணிக நிறுவனம் தன் சேவையை மூடிவிட்டது. பெயர் நிறுவனத்துடையது, ஆகவே பெயரை விட்டுவிட்டு, எழுதிய நிரலை எடுத்துக்கொண்டு ஆர்வலர்கள் லினேஜ் ஓ.எஸ். என்னும் புதுப் பெயரில் தொடர்ந்தனர்.

அது எவ்வாறு இயன்றது? ஆண்ட்ராய்டின் அடியில் கிடப்பது லினக்ஸ் என்னும் கருநிரல். அதை மாற்றிப் பிறர்க்கு வழங்குவோர் மாற்றிய மூலத்தையும் வழங்க வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. மூலத்தை யாரும் தம் ஒருவர்க்கென முடக்கிக்கொள்ள முடியாது. நம் வக்ஃபு நினைவுக்கு வரவில்லையா? பொருத்தம் முழுமையானதன்று என்பதை அறிவோம். ஆயினும் சாயல் தெளிவாகவே உள்ளது. மலிவுக் கைப்பேசி செய்யும் நிறுவனங்களில் சில இம்மூலத்தைத் தாமதித்தோ அரைகுறையாகவோ வெளியிடுகின்றன. வக்ஃபுக் கிணற்று நீரை மொண்டு விற்றுவிட்டுக் கிணற்றுப் பாதையை அடைப்பவருக்கு என்ன பெயர் சூட்டுவதோ அதையே இவர்க்கும் சூட்டலாம். மூலத்தைக் கொடுத்தும் கருவியைப் பூட்டி வைப்பதால் அம்மூலம் பயனற்றுப் போவதைக் கண்ட தனியுரிமையற்ற மென்பொருள் இயக்கத்தார், 2007இல் தம் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில், வீட்டுப் பயனுக்கு விற்கும் கருவியில் மாற்றிய நிரலை ஏற்றும் வழியையும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று சேர்த்தனர். லினக்ஸ் கருநிரல் பழைய இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. ஆகவே பூட்டும் நின்றுவிட்டது.

இதுவரை நாம் ஒரு பக்கத்து நியாயத்தையே பேசினோம். வீடு திரும்பிய மறுவாரம் மறுபக்கம் தானே வந்து கதவைத் தட்டியது. நம் வங்கியின் செயலி, 'இக்கருவி பாதுகாப்பற்றது' என்று கூறித் திறக்க மறுத்தது. சினந்து நாசரேத்துக்குப் பேசினோம். தம்பி பொறுமையாக விளக்கினார். காவலன் விலகி நின்றால், நாம் ஏற்றியது போலவே, கைப்பேசியைக் கையில் எடுத்த எவனும் தான் விரும்பியதை ஏற்றலாம். நம் இரகசிய எண்ணைக் களவாடும் நிரலையும் ஏற்றலாம். கருவி நம்முடையதே எனினும், வங்கியில் உள்ள பணம் ஊரார் பலருடையது. வங்கி அஞ்சுவதில் அறமில்லை என்று சொல்ல இயலாது. அன்றுமுதல் பணப் பரிமாற்றத்துக்கு வங்கிக்கே நடந்து செல்கிறோம். ஆக, ஒரே பூட்டு இரண்டு வேலை செய்கிறது. திருடனை வெளியே நிறுத்துகிறது. உரியவனையும் வெளியே நிறுத்துகிறது. முதல் வேலையைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்துவதே நிறுவனங்களின் வழக்கம். இரண்டாவதன் மீதுள்ள கோபத்தில் முதலாவதை மறந்துவிடுவது நம்மைப் போன்றோரின் வழக்கம்.

அப்படி மறந்திருந்த நாள்களில்தான் அது நடந்தது. கைப்பேசி புதிதானதை நாம் தெருவெங்கும் புகழ்ந்து திரிந்தோம். நம் தெருவில் ஒரு லாத்தா. கணவர் கொழும்பில் நெடுநாள் வணிகம் செய்து, ஊர் திரும்பி, 2022இல் மௌத்தானவர். அவருடைய கைப்பேசியும் நம்முடையதைப் போன்றே பழையது. மகள் வயிற்றுப் பேரனுக்குப் படிப்புக்குக் கைப்பேசி தேவைப்பட்டது. "உங்க போனை மாத்துன எடத்துலேயே இதையும் மாத்திக் குடுங்க தம்பி" என்றார் லாத்தா. நாம் பேரனை நாசரேத்துக்கு அனுப்பினோம். உடன் செல்லவில்லை, அன்று நமக்கு வகுப்பு இருந்தது.

பூட்லோடரைத் திறக்கும் கணத்தில், கைப்பேசியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். இது பிழையன்று, வேண்டுமென்றே அமைத்தது. திருடன் பூட்டைத் திறந்தாலும் உரியவரின் படமும் கடிதமும் அவன் கையில் சிக்கலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தம்பி பையனிடம், "உள்ளே வேணுங்கிறது ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பையன், "ஒண்ணும் இல்லே அண்ணாச்சி" என்றிருக்கிறான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதில் வேண்டியது ஒன்றும் இல்லைதான்.

மறுநாள் லாத்தா நம் வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, போன் புதுசு மாதிரி இருக்கு. அவுக ஓதுனது எந்த எடத்துலே இருக்குன்னு காட்டுங்க." அப்பெரியவர் பஜ்ருக்குப் பின் யாஸீன் ஓதுவதைத் தம் கைப்பேசியிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். யாருக்கும் அனுப்பியதில்லை. லாத்தா வெள்ளி இரவுகளில் அதைக் கேட்பாராம். நமக்குத் தெரியாது. பேரனுக்கும் தெரியாது. அவருக்கு அதைத் திறந்து வைத்துக்கொடுத்து வந்த மகளோ அப்போது ஊரில் இல்லை.

தம்பி மூன்று நாள் முயன்றார். பூட்டுத் திறக்கும்போது உள்ளிருக்கும் மறைகுறியின் திறவுகோலும் சேர்ந்தே அழிவதால் மீட்க வழியில்லை என்று அறிந்துகொண்டார். நான்காம் நாள் புகைவண்டியேறி நம் ஊருக்கு வந்தார். வாங்கிய கூலியைத் தாம்பாளத்தில் வைப்பது போல இரு கையாலும் நீட்டினார். லாத்தா பணத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

யார் குற்றவாளி? கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞர் கையில் பொருள் கெட்டால் அவர் ஈடு தர வேண்டுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கவனக்குறைவு இருந்தால் பொறுப்பு உண்டு என்பதில் வேறுபாடில்லை. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் நெறியும் நாம் அறிந்ததே. ஆனால் இத்தம்பி தொழில் அறிந்தவர், கேட்கவும் செய்தார். எனினும் கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை. அழியும் என்பது அவருக்குத் தெரியும். எது அழியும் என்பது லாத்தாவுக்கு மட்டுமே தெரியும். இவ்விரு அறிவும் ஓரிடத்தில் சந்திக்கும் முன்பே பூட்டுத் திறக்கப்பட்டது. அவற்றைச் சந்திக்க வைக்கக்கூடிய ஒரே ஆள் நாம். நம் கைப்பேசியில் தம்பி பூட்டைத் திறந்தபோது, எல்லாம் போய்விடும் என்று நம்மிடம் சொல்லி, வேண்டியவற்றைக் கணினியில் எடுத்து வைத்த பின்னரே தொடங்கினார். அதை நாம் லாத்தாவிடம் சொல்ல மறந்தோம்.

இன்னும் ஒன்று உண்டு. அதை எழுத நாணுகிறோம். இறந்தவரின் கைப்பேசி இறந்தவரின் சொத்து. வாரிசுகள் அனைவருக்கும் பங்குள்ளது. மனைவிக்கு உண்டு, மகளுக்கு உண்டு, இருந்தால் பிறர்க்கும் உண்டு. முப்பதாண்டாகப் பாகப்பிரிவினைப் பாடம் நடத்தும் நாம், நிலத்தையும் நகையையும் பிரித்துக் காட்டுவோம். ஒரு கைப்பேசியை வாரிசுச் சொத்தாக எண்ணிப் பார்க்கவில்லை. விற்றவருக்கு இப்பொருள் மீது உரிமையில்லை என்று பரீரா (ரலி) வழக்கைக் காட்டி வாதிட்ட அதே வாயால், இப்பொழுது உரிமை யாருக்கு என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இதனால் இளைஞர் எவரும் பூட்டைத் தொடலாகாது என்று சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் கைவிட்டுப் போன காவற்காரனுக்குத் துணைபோனவர் ஆவோம். இரண்டாண்டு காத்துவிட்டு, இனிக் காவல் இல்லை என்று போகிறவன் சாவியை வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சாவியையும் கொண்டு போவது எந்த நியாயம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், கைப்பேசியின் விற்பனை நின்ற பின்னும் ஐந்தாண்டுக்கேனும் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்று விதி வந்துள்ளது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தகவல் தளம் தொடங்கியது. சாவியைப் பற்றிய கட்டாயம் ஏதும் அதில் இல்லை. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று பார் ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தை அறிவித்தபோது மகிழ்ந்தோம். ஆனால் 7,000 ரூபாய்க் கைப்பேசி வைத்திருக்கும் குடும்பம் தன் பழைய கருவியில் அதைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகையில் அது வரவில்லை. பெருவிலைக் கைப்பேசி வாங்குவோர்க்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதி தரும் நிறுவனங்கள் இன்று உண்டு. பூட்டைத் திறந்து பிழைக்க வேண்டிய தேவை ஏழைக்கே மிகுதி. திறப்பதில் தவறு நேர்ந்தால் இழப்பதும் அவரே.

திறந்ததை மறைத்து விற்பதைப் பற்றியும் ஒரு சொல். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வணிகரைக் கடிந்த செய்தி பரவலானது. விற்கும் பொருளின் குறையை மறைக்காது உரைப்பதைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் விரிவாகப் பேசுகிறார்கள். இயங்குதளம் மாற்றிய கைப்பேசி விரைவாக ஓடுவதைக் காட்டி விற்றுவிட்டு, வங்கிச் செயலி திறவாது என்பதைச் சொல்லாதிருப்பது அடியில் ஈரம் வைப்பதே. ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவதோ முற்றிலும் வேறு தீமை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய அடையாள எண் அது. களவுபோன பொருளைக் கண்டுபிடிக்க உதவுவது. அதைத் திருத்துவது சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. சில மலிவுக் கைப்பேசிகளில் இயங்குதளத்தைத் தவறாக ஏற்றினால் அவ்வெண் அழிந்துபோவதும் உண்டு. அப்போது 'ஏதோ ஓர் எண்ணைப் போட்டுத் தருகிறேன்' என்னும் கடைக்காரரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாசரேத் தம்பி அந்நிகழ்ச்சிக்குப் பின் ஒரு மாதம் இவ்வேலையையே நிறுத்தி வைத்திருந்தார். பிறகு நம்மிடம் வந்து, கடையில் ஒட்டுவதற்கு ஒரு தாள் எழுதித் தரக் கேட்டார். "எல்லாருக்கும் புரியிற மாதிரி, ஆனா நல்ல தமிழா எழுதுங்க ஐயா" என்றார். எழுதினோம். இக்கைப்பேசி யாருடையது, அவர் நேரில் வந்திருக்கிறாரா, உள்ளே உள்ளவை முழுதும் அழியும் என்பதை அறிவாரா, இறந்தவர் எவருடைய படமோ குரலோ அதில் உண்டா, வங்கிச் செயலி திறவாமற் போகலாம் என்பதற்கு உடன்படுகிறாரா என்று ஐந்து வினாக்கள். கீழே உரியவரின் கையெழுத்துக்கு இடம்.

சென்ற வாரம் அவ்வழியே போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தோம். தாள் கண்ணாடிப் பேழையின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. நாம் எழுதியதன் அடியில், நீல மையில், தம்பி தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பிள்ளைகளிடம் போனைக் கொடுத்து அனுப்ப வேண்டாம். வீட்டில் பெரியவங்க யாராவது வரவும்.' அதற்கு எதிரே ஓர் அம்மையார், மடியில் பழைய கைப்பேசியை வைத்துக்கொண்டு, வினாக்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான்காவது வினாவில் நின்று, தம்பியை நிமிர்ந்து பார்த்து, "அப்போ இன்னைக்கு வேண்டாம்ப்பா, மவன்கிட்ட கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.